டிரைவ்ல பூட்டு இருக்கு சரி, சாவி எங்க இருக்கு?

என்கிட்ட முன்னாடி ஒரு பென்டிரைவ் இருந்துச்சு, கம்பெனி பேர் வேணாம், அட்டைல பெருசா பூட்டுப் படம் போட்டு செக்யூர்னு எழுதியிருக்கும். சொருகினா ஒரு குட்டி சாஃப்ட்வேர் திறக்கும், பாஸ்வேர்ட் வெச்சு ஃபைலை உள்ள போட்டா எல்லாம் கண்ணுக்குத் தெரியாம போயிடும், மறுபடி பாஸ்வேர்ட் அடிச்சா வந்துடும். நானும் ஸ்கேன் பண்ண சர்டிஃபிகேட், பேங்க் பேப்பர்னு எல்லாத்தையும் அதுல போட்டுட்டு நிம்மதியா பையில வெச்சு சுத்திக்கிட்டு இருந்தேன். ஒருநாள் ஏதோ அவசரத்துக்கு அதை லினக்ஸ் இருக்குற லேப்டாப்ல சொருகினேன், மறைச்சு வெச்ச ஃபைலையும் காட்டுன்னு எப்பவும் செட்டிங்ஸ்ல போட்டு வெச்சிருப்பேன், பார்த்தா வாயில நுழையாத பேர்ல ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள என் சர்டிஃபிகேட் எல்லாம் வரிசையா படுத்திருக்கு. பாஸ்வேர்டை யாரும் கேக்கவே இல்ல. டபுள் கிளிக் பண்ணேன், திறந்துச்சு, அவ்வளவுதான்.

அன்னிக்குத்தான் உறைச்சுது, மறைக்கிறது வேற, என்கிரிப்ட் பண்றது வேறன்னு. அந்த சாஃப்ட்வேர் பண்ணதெல்லாம் ஃபோல்டருக்கு ஒரு போர்வை போத்தினது மட்டும்தான். என்கிரிப்ஷன்னா, தமிழ்ல குறியாக்கம்னு சொல்லுவாங்க, டிஸ்க்ல எழுதுற ஒவ்வொரு பைட்டையும் ஒரு சாவிய வெச்சுக் கலைச்சு எழுதுறது. டிரைவைக் கழட்டி உள்ள இருக்குற மெமரி சிப்பையே தனியா பிடுங்கி எடுத்து வேற மெஷின்ல படிச்சாலும் வர்றது வெறும் குப்பையாத்தான் இருக்கணும். பாஸ்வேர்ட் கேக்குதுங்கறதால மட்டும் ஒரு டிரைவ் என்கிரிப்ட் ஆகியிருக்குன்னு அர்த்தம் கிடையாது, முதல்ல இதை மனசுல வெச்சுக்கோங்க, மீதிய அப்புறம் பாத்துக்கலாம்.

இப்ப கடைக்குப் போனாலோ ஆன்லைன்ல தேடினாலோ எல்லா அட்டையிலயும் ஒரே வாசகம்தான் இருக்கும், ஏஇஎஸ் 256 பிட், மிலிட்டரி கிரேட். இந்த மிலிட்டரி கிரேடுங்கறது வெறும் விளம்பரப் பேச்சு, அப்படி ஒரு தர முத்திரை யாரும் குடுக்கல. ஏஇஎஸ்ங்கற என்கிரிப்ஷன் முறை உண்மையான விஷயம். ஜோன் டேமன், வின்சென்ட் ரைமன்னு ரெண்டு பெல்ஜியம்காரங்க உருவாக்கின ரைன்டால்ங்கற முறைய போட்டி வெச்சுத் தேர்ந்தெடுத்து 2001ல அமெரிக்காவோட தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் ஸ்டாண்டர்டா அறிவிச்சுது, இன்னிக்கு உங்க போன், பேங்க் ஆப், வைஃபை எல்லாத்துலயும் இருக்குறது அதுதான். 256 பிட் சாவின்னா எத்தனை சாவி சாத்தியம்னு கணக்குப் போட்டா 78 இலக்கத்துல ஒரு எண் வரும், ஒவ்வொண்ணா போட்டுப் பாக்கலாம்னு எவனும் கனவுல கூட நெனக்க மாட்டான். 128 பிட் இருந்தாலே 39 இலக்கம், அதுவும் யாராலயும் முடியாது. அதனால 128ஆ 256ஆன்னு மண்டைய உடைச்சுக்காதீங்க. திருடன் அந்தப் பக்கமே வர மாட்டான், சாவிய எங்க வெச்சிருக்கீங்கன்னுதான் தேடுவான். டிரைவ் வாங்கப் போறப்ப நாமளும் அதையேதான் கேக்கணும், எல்லாரும் கேக்கறது என்னவோ எத்தனை டிபி, என்ன ஸ்பீடு.

சாவி விஷயம் எப்படின்னா, நீங்க அடிக்கிற பாஸ்வேர்ட் நேரடியா டேட்டாவைக் கலைக்கிறது கிடையாது. டிரைவ் முதல் தடவ தயாராகறப்பவே உள்ளுக்குள்ள தாறுமாறா ஒரு பெரிய சாவி உருவாகும், டேட்டா மொத்தமும் அந்தச் சாவியாலதான் பூட்டப்படுது. அந்தப் பெரிய சாவிய உங்க பாஸ்வேர்டால தனியா பூட்டி டிரைவ்லயே ஒரு ஓரமா வெச்சிருப்பாங்க. பீரோ சாவிய ஒரு சின்ன டப்பால போட்டு அந்த டப்பாவுக்கு நம்பர் பூட்டு போட்டு பீரோ மேலயே வெச்ச மாதிரி. அதனாலதான் 2 டிபி டிரைவ்ல பாஸ்வேர்ட் மாத்தினா கண்ணிமைக்கிற நேரத்துல மாறிடுது, டேட்டாவைத் தொடறதே இல்ல, டப்பாவோட நம்பரை மட்டும்தான் மாத்துது. டிரைவை வேற யாருக்காவது குடுக்கப் போறீங்க, சுத்தமா அழிக்கணும்னா கூட அந்தப் பெரிய சாவி ஒண்ணை அழிச்சாப் போதும், 2 டிபியும் அந்த நொடியே குப்பை.

ஆனா இதெல்லாம் நடக்கணும்னா டப்பா நெஜமாவே பூட்டியிருக்கணும். அதாவது பாஸ்வேர்ட் இல்லாம பெரிய சாவிய வெளில எடுக்கவே முடியாதபடி கணக்கு ரெண்டையும் கட்டிப் போட்டிருக்கணும். நெறைய கம்பெனிங்க சறுக்கினது இங்கதான், அதுவும் சின்னச் சின்ன கம்பெனி இல்ல.

2010 ஜனவரில ஜெர்மனியோட எஸ்ஒய்எஸ்எஸ்ங்கற செக்யூரிட்டி கம்பெனிக்காரங்க கிங்ஸ்டன், சான்டிஸ்க், வெர்பேட்டிம் மூணு பேரோட சில பாதுகாப்பு பென்டிரைவ்களை எடுத்து நோண்டினாங்க. என்கிரிப்ஷன் எல்லாம் ஒழுங்காத்தான் இருந்துச்சு, அதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா பாஸ்வேர்ட் சரியா தப்பான்னு பாத்தது டிரைவ் இல்ல, கம்ப்யூட்டர்ல ஓடுற சாஃப்ட்வேர். அது பாத்துட்டு சரின்னா டிரைவுக்கு ஒரு சிக்னல் அனுப்பும், திறன்னு. அந்த சிக்னல் எப்பவும் ஒரே சிக்னல், யார் டிரைவா இருந்தாலும் என்ன பாஸ்வேர்ட் வெச்சிருந்தாலும் அதேதான். அப்புறம் என்ன, பாஸ்வேர்டே தெரியாம அந்த சிக்னலை மட்டும் அனுப்ப ஒரு சின்ன புரோகிராம் எழுதினாங்க, டிரைவ் திறந்துக்கிச்சு. வாட்ச்மேன் ஆளைப் பாத்துட்டு உள்ள குரல் குடுப்பாரு, உள்ள இருக்குறவன் குரலை மட்டும் நம்பிக் கதவைத் திறப்பான், வாட்ச்மேன் மாதிரி குரல் குடுக்கத் தெரிஞ்ச எவனும் உள்ள போலாம். கிங்ஸ்டன் அந்த மாடல்களைத் திருப்பி அனுப்பச் சொன்னாங்க, மத்த ரெண்டு பேரும் அப்டேட் விட்டாங்க.

2018ல நெதர்லாந்துல ராட்பவுட் யுனிவர்சிட்டிக்காரங்க, கார்லோ மையர், பெர்னார்ட் வான் காஸ்டல்னு ரெண்டு பேரு, குருஷியல், சாம்சங் எஸ்எஸ்டிகள் சிலதை ஆராய்ஞ்சாங்க, சாம்சங்கோட டி3, டி5 போர்ட்டபிள் டிரைவும் அதுல உண்டு. சில மாடல்கள்ல பாஸ்வேர்டுக்கும் பெரிய சாவிக்கும் சம்பந்தமே இல்லன்னு தெரிய வந்துச்சு. டிரைவுக்குள்ளயே ஓடுற ஃபர்ம்வேர்ங்கற சாஃப்ட்வேர் பாஸ்வேர்டை ஒப்பிட்டுப் பாக்கும், சரின்னா சாவிய எடுத்துக் குடுக்கும், அந்த ஒப்பிடுற இடத்தை மாத்தி எது அடிச்சாலும் சரின்னு சொல்ல வெச்சுட்டா முடிஞ்சுது. இதுல வேடிக்கை என்னன்னா விண்டோஸோட சொந்த என்கிரிப்ஷன் வசதியான பிட்லாக்கர் அந்தக் காலத்துல டிரைவே நான் என்கிரிப்ட் பண்ணிக்கிறேன்னு சொன்னா சரி நீயே பாத்துக்கன்னு விட்டுட்டு தன் வேலையைப் பண்ணாம உக்காந்திருக்கும். வேலிக்கு ஓணான் சாட்சிங்கற கதைதான். பிட்லாக்கர் போட்டிருக்கோம்னு நெனச்சவங்க பல பேர் உண்மைல அந்த ஓட்டை ஃபர்ம்வேரை நம்பித்தான் இருந்திருக்காங்க. 2019ல மைக்ரோசாஃப்ட் அந்தப் பழக்கத்தை மாத்தி இனி நானே பண்ணிக்கிறேன்னு கொண்டு வந்தாங்க.

அதுக்கப்புறமாவது திருந்தினாங்களான்னா 2022ல மறுபடி அதே எஸ்ஒய்எஸ்எஸ், இந்தத் தடவ வெர்பேட்டிமோட கீபேட் வெச்ச ஒரு டிரைவ். ஏஇஎஸ்தான், 256தான், ஆனா ஈசிபிங்கற முறைல போட்டிருந்தாங்க. ஏஇஎஸ் டேட்டாவை 16 பைட் 16 பைட்டா வெட்டித்தான் கலைக்கும், ஈசிபில ஒரே மாதிரி 16 பைட் எங்க வந்தாலும் ஒரே மாதிரி குப்பையா மாறும். லினக்ஸோட பெங்குவின் படத்தை இந்த முறைல என்கிரிப்ட் பண்ணிக் காட்டுற ஒரு உதாரணம் ரொம்ப ஃபேமஸ், கலர் எல்லாம் மாறிப்போய் புள்ளி புள்ளியா இருக்கும், ஆனா பெங்குவின் அப்படியே நின்னுக்கிட்டு இருக்கும், தொப்பை கூடத் தெரியும். டிஸ்குக்குன்னே எக்ஸ்டிஎஸ்னு ஒரு முறை இருக்கு, டிஸ்க்ல எந்த இடத்துல எழுதுறோம்ங்கறதையும் கணக்குல சேத்துக்கும், அதனால ஒரே பைட் வேற வேற இடத்துல வேற வேற மாதிரி கலையும். வாங்கப்போற டிரைவோட விவரத்துல எக்ஸ்டிஎஸ்னு இருக்கான்னு பாருங்க. வெறும் ஏஇஎஸ் 256ன்னு மட்டும் போட்டு எந்த முறைன்னே சொல்லலைன்னா எனக்கு சந்தேகம் வந்துடும்.

அதே டிரைவ்ல இன்னொரு ஓட்டையும் இருந்துச்சு, பின் நம்பரை அந்த டிரைவைக் கேக்காமயே வெளில உக்காந்து கம்ப்யூட்டர்ல போட்டுப் போட்டுப் பாத்துக் கண்டுபிடிக்கலாம். இது ஏன் பெரிய விஷயம்னு புரியணும்னா கொஞ்சம் கணக்குப் பாக்கணும். 6 இலக்க பின்னுக்கு மொத்தம் 10 லட்சம் வாய்ப்பு. கையால அடிச்சா மாசக்கணக்கா ஆகும், ஆனா நொடிக்கு ஆயிரம் போட்டுப் பாக்குற புரோகிராமுக்கு 17 நிமிஷம். 8 இலக்கம்னா 10 கோடி, அதே வேகத்துல 28 மணி நேரம், ஒரு வார இறுதிக்கு உள்ள முடிஞ்சுது. ஆக அந்த 78 இலக்க சாவி எல்லாம் உங்க பின் நம்பர் அளவுக்குத்தான் பலம். பின் நம்பரை நம்பி இருக்குற டிரைவ்ல உண்மையான காவல் எதுன்னா தப்பா அடிச்சா எண்ணி வெச்சுக்கிட்டு இத்தனையோட நிறுத்துன்னு சொல்ற அந்தக் கவுன்ட்டர்தான். அந்தக் கவுன்ட்டரும் சாவியும் ஒரே சிப்புக்குள்ள, வெளில காப்பி எடுக்க முடியாத மாதிரி இருக்கணும். அந்த எண்ணிக்கை வேற எங்கயோ சாதா மெமரில இருந்தா அதை அழிச்சு அழிச்சு மறுபடி ஆரம்பிச்சுடுவாங்க.

சாஃப்ட்வேர் என்கிரிப்ஷன்ல கவுன்ட்டர் வெக்க முடியாது, டிஸ்கை அப்படியே காப்பி எடுத்து பத்து மெஷின்ல போட்டா யார் எண்ணுறது. அதனால அவங்க வேற வழி பிடிச்சாங்க, ஒவ்வொரு முயற்சியையும் வேணும்னே மெதுவாக்கிடுவாங்க. வெராகிரிப்ட்ங்கற என்கிரிப்ஷன் சாஃப்ட்வேர்ல சாதாரணமா உங்க பாஸ்வேர்டை 5 லட்சம் தடவ அரைச்சுத்தான் சாவிய எடுக்கும், அதனாலதான் திறக்கறப்ப ரெண்டு நொடி முழிச்சுக்கிட்டு நிக்கும், அதைப் பாத்து ஸ்லோவா இருக்குன்னு திட்டாதீங்க. லினக்ஸோட என்கிரிப்ஷன் வசதியான லக்ஸ்2ல ஆர்கான்2ன்னு அரைக்கிற முறை ஒண்ணு, அது நேரத்தோட மெமரியையும் சேத்துத் தின்னும், திருடனுக்கு செலவு எகிறும். ஆனா இதெல்லாம் இருந்தும் பாஸ்வேர்ட் 6 இலக்க எண்ணா இருந்தா புண்ணியமில்ல. சாஃப்ட்வேர்னா நீளமான பாஸ்வேர்ட், கீபேட் டிரைவ்னா நல்ல கவுன்ட்டர், இதுல ஒண்ணு கட்டாயம்.

சரி, அப்ப எதை வாங்கறது. என்னைக் கேட்டா முக்கால்வாசிப் பேருக்கு பாதுகாப்பு டிரைவ்னு தனியா வாங்கவே வேணாம், சாதாரண நல்ல எஸ்எஸ்டி ஒண்ணு வாங்கி கம்ப்யூட்டர்லயே இருக்குற என்கிரிப்ஷனைப் போட்டாப் போதும். விண்டோஸ்ல பிட்லாக்கர் டு கோ இருக்கு, விண்டோஸ் 7 காலத்துலேர்ந்து வருது, ஹோம் எடிஷன்ல இதைப் புதுசா போட முடியாது, ஆனா வேற மெஷின்ல போட்டுட்டு வந்தா ஹோம்லயும் திறந்து படிக்கலாம் எழுதலாம். மேக்ல டிஸ்க் யுடிலிட்டிலயே ஃபார்மேட் பண்றப்ப என்கிரிப்டட்னு தேர்ந்தெடுத்தா முடிஞ்சுது. லினக்ஸ்ல லக்ஸ். ப்ராசஸர்லயே ஏஇஎஸ்ஸுக்குன்னு தனி வசதி 2010லேர்ந்தே வர ஆரம்பிச்சுடுச்சு, அதனால ஸ்பீடு குறையும்ங்கற பழைய பயமும் தேவையில்ல.

சிக்கல் எங்க வருதுன்னா மூணும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. பிட்லாக்கர் டிரைவை மேக் தானா திறக்காது, மேக்ல போட்டது விண்டோஸ்ல ஃபார்மேட் பண்ணட்டுமான்னு கேக்கும், அவசரத்துல யெஸ் அழுத்தினவங்க கதை நெறைய. லினக்ஸ் இப்ப பிட்லாக்கரைத் திறந்துடும், நல்ல பிள்ளை. எல்லா மெஷின்லயும் வேணும்னா வெராகிரிப்ட், 2014ல ட்ரூகிரிப்ட்ங்கற பழைய என்கிரிப்ஷன் சாஃப்ட்வேர் திடீர்னு கடைய மூடினப்ப அதோட கோடிலேர்ந்து ஏற்கனவே கிளை பிரிஞ்சு வந்திருந்தது இது, இலவசம், கோடு எல்லாரும் பாக்கற மாதிரி திறந்திருக்கு. ஆனா விண்டோஸ்ல இதை ஓட்ட அட்மின் உரிமை வேணும், ஆபீஸ் கம்ப்யூட்டர்லயோ பிரிண்ட் எடுக்கற கடை கம்ப்யூட்டர்லயோ வேலைக்காகாது.

கீபேட் டிரைவ் அப்பத்தான் சோபிக்கும். அதோட உடம்புலயே நம்பர் பட்டன் இருக்கும், உள்ள சின்ன பேட்டரி இருந்தா சொருகறதுக்கு முன்னாடியே அடிக்கலாம், சில பெரிய டிரைவ்ல சொருகினப்புறம் அடிக்கணும். பச்சை லைட் எரிஞ்சா கம்ப்யூட்டருக்கு அது வெறும் சாதா டிரைவ், எந்த சாஃப்ட்வேரும் வேணாம், டிவில கூட சொருகலாம். உங்க பின் அந்தக் கம்ப்யூட்டர் வழியா போறதே இல்லைங்கறதால அதுல அடிக்கிறதையெல்லாம் பதிவு பண்ற கீலாகர் வைரஸ் உக்காந்திருந்தாலும் பின் நம்பர் தெரியாது. அதனால பல பேர் கம்ப்யூட்டர்ல சொருக வேண்டிய ஆள், சாஃப்ட்வேர் போட அனுமதி இல்லாத இடம், இவங்களுக்கு நான் கீபேட்தான் சொல்லுவேன். கைரேகை டிரைவ் பக்கம் எனக்கு ஈர்ப்பில்ல, கைரேகை பொருந்தலைன்னா கடைசில ஒரு பாஸ்வேர்ட் கேக்கத்தான் போகுது, அப்ப பலம் அந்தப் பாஸ்வேர்ட் அளவுதான்.

கீபேட் வாங்கினா ஒரு சின்ன விஷயம், நாலு மாசம் ஆனப்புறம் வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க. என்னோடதுல 2, 5, 8, 0 மட்டும் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிப் பளபளன்னு இருந்துச்சு, மத்த பட்டன் எல்லாம் புதுசு மாதிரி. நடு வரிசைல மேலேர்ந்து கீழ விரல் போற சுகத்துக்கு வெச்ச பின், யார் பாத்தாலும் சொல்லிடுவாங்க. அன்னிக்கே மாத்திட்டேன். இப்ப எல்லாப் பட்டனும் ஏறக்குறைய தேயற மாதிரி 10 இலக்கம், அப்பப்ப சட்டை நுனில ஒரு துடை.

சான்றிதழ் பத்தி நெறைய பேர் கேப்பாங்க. எஃப்ஐபிஎஸ் 140ன்னு நிஸ்ட் நடத்துற சோதனை, 140-2 பழசு, 140-3 புதுசு, 1லேர்ந்து 4 வரைக்கும் லெவல். லெவல் 2ன்னா யாராவது பிரிச்சிருந்தா தடயம் தெரியணும், லெவல் 3ன்னா பிரிக்கறதே கஷ்டமா இருக்கணும், சிப் மேல கெட்டியா எபாக்ஸி பிசின் ஊத்தியிருப்பாங்க, பிரிக்கப் போனா சிப்பும் சேந்து போயிடும். இதுல ஒரு வார்த்தை ஜாலம் உண்டு, வேலிடேட்டட்னா லேப்ல சோதிச்சு சான்று நம்பர் வாங்கினது, கம்ப்ளையன்ட்னா நாங்களும் அதே மாதிரிதான் பண்ணியிருக்கோம்னு அவங்களே சொல்லிக்கிறது. சான்று நம்பரை நிஸ்ட் சைட்லயே போட்டுத் தேடலாம், ரெண்டு நிமிஷ வேலை. 2026 செப்டம்பரோட 140-2 சான்று எல்லாம் பழைய பட்டியலுக்குப் போகுது, ஆபீஸுக்கு வாங்கறவங்க 140-3 இருக்கறதா பாத்து எடுக்கறது நல்லது. ஆனா சான்றே கடவுள் இல்ல, 2010ல வாட்ச்மேன் குரலுக்குத் திறந்த அந்த டிரைவ்கள் லெவல் 2 சான்று வாங்கினதுதான். அதோட எத்தனை தப்புக்கு அப்புறம் அழியும், ஃபர்ம்வேர் கையெழுத்துச் சோதனை இருக்கா, முன்னாடி ஓட்டை வந்தப்ப கம்பெனி ஒத்துக்கிட்டு சரி பண்ணாங்களா இதையும் தேடிப் பாருங்க. இந்த ஃபர்ம்வேர் விஷயம் எதுக்குன்னா 2014ல பேட்யூஎஸ்பின்னு காட்டினாங்க, பென்டிரைவோட ஃபர்ம்வேரை மாத்தி எழுதி அதைக் கீபோர்டு மாதிரி நடிக்க வெச்சுக் கம்ப்யூட்டருக்கே கட்டளை அடிக்க வெக்கலாம்னு. கம்பெனி கையெழுத்து இல்லாத ஃபர்ம்வேரை ஏத்துக்காத டிரைவ்ல அது நடக்காது.

என்கிரிப்ஷன் எதுக்கு, தொலைஞ்சா எடுத்தவன் படிக்கக் கூடாதுங்கறதுக்கு. 2017ல லண்டன் ஹீத்ரோ ஏர்போர்ட்டோட பென்டிரைவ் ஒண்ணு தெருவுல கிடந்துச்சு, பாஸ்வேர்டும் இல்ல என்கிரிப்ஷனும் இல்ல, எடுத்தவர் சாதாரணமா சொருகிப் பாத்தாரு, 76 ஃபோல்டர். அடுத்த வருஷம் ஏர்போர்ட்டுக்கு 1,20,000 பவுண்ட் அபராதம். அதே மாதிரி 2022 ஜூன்ல ஜப்பான்ல அமகசாகி நகரத்து மக்கள் சுமார் 4,60,000 பேரோட விவரம் இருந்த யூஎஸ்பிய, கான்ட்ராக்ட் வேலைக்கு வந்தவர் ராத்திரி தண்ணி போட்டுட்டு ரோட்டுல தூங்கி எந்திரிச்சா பையக் காணோம். டிரைவ் என்கிரிப்ட் ஆகியிருந்துச்சு, தப்பிச்சாங்க, பையும் கிடைச்சுடுச்சு. ஆனா நடுவுல அதிகாரிங்க பிரஸ் மீட்ல பாஸ்வேர்ட் 13 எழுத்து, எண்ணும் எழுத்தும் கலந்ததுன்னு வாய விட்டுட்டாங்க. ஊர் பேரு ஆங்கிலத்துல 9 எழுத்து, கூட 2022 சேத்தா சரியா 13, ஜப்பான் முழுக்க அன்னிக்கு ட்விட்டர்ல இதேதான் ஓடுச்சு.

தொலைஞ்சா காப்பாத்தும், ஆனா சொருகித் திறந்து வெச்சிருக்குறப்ப காப்பாத்தாது. அப்ப கம்ப்யூட்டர்ல வைரஸ் இருந்தா எல்லா ஃபைலையும் நீங்க படிக்கிற மாதிரியே அதுவும் படிக்கும். அதனால கொஞ்ச நேரம் தொடலைன்னா தானா பூட்டிக்கிற வசதிய ஆன் பண்ணி வைங்க. அப்புறம் ஏற்கனவே ஃபைல் போட்டு ஓட்டின எஸ்எஸ்டிய பாதில என்கிரிப்ட் பண்றதுல ஒரு ஓட்டை இருக்கு, எஸ்எஸ்டி ஒரே இடத்துல திரும்பத் திரும்ப எழுதாம மாத்தி மாத்தி எழுதும், பழைய காப்பி எங்கயாவது ஒட்டிக்கிட்டு இருக்கலாம். பிட்லாக்கர் போடறப்ப உபயோகிச்ச இடம் மட்டுமா முழு டிரைவுமான்னு கேக்கும், பழைய டிரைவ்னா முழுசுதான். இதை விட நல்லது புதுசா வாங்கின அன்னிக்கே, ஒரு ஃபைல் கூட போடறதுக்கு முன்னாடி என்கிரிப்ட் பண்ணிடறது.

திருடன் கைல போறதை விட நம்ம டேட்டா நம்ம கைலயே தொலையறதுதான் அதிகம்னு நான் நெனக்கிறேன். ஸ்டீஃபன் தாமஸ்னு ஒரு புரோகிராமர், 7,002 பிட்காயினோட சாவிய அயர்ன்கீங்கற பாதுகாப்பு பென்டிரைவ்ல வெச்சுட்டு பாஸ்வேர்ட் எழுதின பேப்பரைத் தொலைச்சுட்டாரு. 10 தப்பு ஆயிடுச்சுன்னா டிரைவ் தன்னைத்தானே நிரந்தரமா பூட்டிக்கும், 2021 ஜனவரில செய்தி வந்தப்ப 8 முடிஞ்சு போயிருந்துச்சு. அவ்வளவு பணம் இருந்தும் அந்த டிரைவுக்கு இரக்கம் கிடையாது, அது அதோட வேலையைச் சரியாப் பண்ணுது.

என் கதை அவ்வளவு பெருசில்ல. வெராகிரிப்ட்ல நாலு தமிழ் வார்த்தைய ஆங்கில எழுத்துல அடிச்சு பாஸ்வேர்டா வெச்சேன், நமக்கு மட்டும் தெரிஞ்சது, எவனும் யூகிக்க மாட்டான்னு. ஆறு மாசம் கழிச்சு வந்தா வார்த்தை நாலும் ஞாபகம் இருக்கு, ஆனா ழகரத்துக்கு இசட் எச் போட்டேனா வெறும் எல் போட்டேனா, நெடிலுக்கு ஏ ஒண்ணா ரெண்டான்னு ஒரு மண்ணும் ஞாபகம் இல்ல. பேப்பர்ல எல்லா விதமும் எழுதி ஒவ்வொண்ணா அடிச்சு பதினோராவதுல திறந்துச்சு. பத்தோட அழிக்கிற கீபேட் டிரைவா இருந்திருந்தா? அதனால வார்த்தையா பாஸ்வேர்ட் வெச்சா எழுத்துக்கூட்டறதுல குழப்பமே வராத வார்த்தையா எடுங்க, நம்மளே யோசிச்சா நம்ம ஆசாபாசம் எல்லாம் வந்து உக்காந்துக்கும், பகடை உருட்டி வார்த்தைப் பட்டியல்லேர்ந்து எடுத்தா நல்லது, 5 பகடைக்கு 7,776 வார்த்தைப் பட்டியல் இருக்கு, ஆறு வார்த்தை எடுத்தா எந்த மெஷினும் கிட்ட வராது. எடுத்ததை பேப்பர்ல எழுதி டிரைவ் இருக்குற பையில வெக்காம வேற இடத்துல வைங்க. பிட்லாக்கர் 48 இலக்கத்துல ஒரு ரெக்கவரி கீ குடுக்கும், அதையும் அதே மாதிரி பிரிண்ட் எடுத்து வெச்சுடணும், அந்த டிரைவ்லயே சேவ் பண்ணி வெக்கறவங்களையும் பாத்திருக்கேன்.

இன்னொரு காப்பி கண்டிப்பா வேணும், அதுவும் என்கிரிப்ட் பண்ணினது. சாதா டிரைவ் செத்தா ரெக்கவரி கடைக்காரர் ஏதாவது மீட்டுக் குடுப்பாரு, என்கிரிப்டட் டிரைவோட சிப் செத்தா சாவியும் கூடவே செத்துது. சில போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்ல நீங்க பாஸ்வேர்டே வெக்கலைன்னாலும் அந்த யூஎஸ்பி போர்டு உள்ளுக்குள்ள என்கிரிப்ட் பண்ணித்தான் எழுதும், போர்டு போச்சுன்னா உள்ள இருக்குற டிஸ்கைக் கழட்டி வேற கேஸ்ல போட்டாலும் குப்பைதான் தெரியும், தெரியாம வாங்கி மாட்டினவங்க உண்டு.

புது டிரைவ் வந்ததும் நான் இப்ப பண்ற முதல் வேலை, ஒண்ணுக்கும் உதவாத நாலு ஃபோட்டோவைக் காப்பி பண்ணிட்டு பூட்டிட்டு வேணும்னே தப்பு பின் அடிக்கிறது. அந்த 2022 வெர்பேட்டிம்ல 20 தப்புக்கு அப்புறம் அழியும்னு சொல்லியிருந்தாங்க, சோதிச்சுப் பாத்தா 20 தாண்டியும் அடிச்சுக்கிட்டே போலாம், அதைப் படிச்சதுலேர்ந்து வந்த பழக்கம். போன டிரைவ்ல 10ன்னு போட்டிருந்துச்சு. ஏழாவது வரைக்கும் சும்மா சிவப்பு லைட் ஒரு தடவ மின்னி அணைஞ்சுது, எட்டு, ஒன்பதுல கொஞ்ச நேரம் காக்க வெச்சுது, தெரிஞ்சே பண்றப்பவும் பத்தாவதுக்கு விரல் கொஞ்சம் தயங்குச்சு. அடிச்சேன். சிவப்பு லைட் நிலையா எரிஞ்சுது, சொருகினா விண்டோஸ் இந்த டிரைவை ஃபார்மேட் பண்ணணும்னு கேட்டுச்சு, நாலு ஃபோட்டோவும் போயே போச்சு. ஃபார்மேட் பண்ணி, புது பின் வெச்சு, அதைப் பேப்பர்ல எழுதி, அப்புறம்தான் சர்டிஃபிகேட் ஃபோல்டரை இழுத்துப் போட்டேன்.